மேல்மாடிக்கு வாங்கிய முற்பணம்

தான் உண்மையாகவே இருக்கிற ஆள்தான் என்று நிரூபிப்பதிலேயே மீராமுகைதீனுக்குப் பாதிக் காலம் போய்விடுகிறது. சுபஹு தொழுதுவிட்டு வந்து, பிளேன்டீயை ஊதிக் குடித்தபடி போனைத் திறந்தால் எந்தத் தேசத்திலிருந்தோ அறை தேடுகிற ஒருவர் கேள்வி அனுப்பியிருப்பார். வீடு உண்மையில் நிந்தவூரில்தான் இருக்கிறதா? படம் எப்போது எடுத்தது? பாதிக் காசை அனுப்பிவிட்டு நாங்கள் வந்து நிற்கும்போது நீங்கள் இல்லாவிட்டால் என்ன செய்வது? மனுசன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, இருக்கிறேன், இருக்கிறேன் என்று பதில் எழுதுவார். ஒருமுறை ஒரு பெண், அன்றைய பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலில் நிற்கிற படம் வேண்டும் என்றாள். அறுபத்திமூன்று வயதில், சாரனைச் சரிசெய்துகொண்டு சந்திக்குப் போய்ப் பத்திரிகை வாங்கிவந்து, கேற்றடியில் நின்று படம் பிடித்து அனுப்பினார். ஆளைக் கடத்திக்கொண்டு போனவர்கள்தான் அப்படிப் படம் எடுப்பார்கள் என்று மனைவி சுஹறா சிரித்தாள். அந்தப் பெண் கடைசிவரை வரவில்லை.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கண்டறியாத ஊரில், கண்டறியாத மனுசனுக்கு, படுத்தறியாத கட்டிலுக்காகக் காசு அனுப்பச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு கலங்காது? ஆனால் இந்தப் பக்கத்திலும் ஒரு வயிறு இருக்கிறதே. முற்பணம் கேட்காத காலத்தில், நாலு பேர் வருகிறோம் என்ற சொல்லை நம்பி, சுஹறா விடியவே போய் இறாலும் நண்டும் வாங்கி, தேங்காய்ப்பால் பிழிந்து ஆக்கி வைத்துக்கொண்டு பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் வீதியைப் பார்த்திருந்தாள். நாலு பேரும் பொத்துவில் பஸ்ஸில் நிந்தவூரைத் தாண்டிப் போய், அலையில் பலகை சறுக்குகிற இடத்தில் குடியேறிவிட்டார்கள். நண்டை மூன்று வீட்டுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மீராமுகைதீன் பாதிக் காசை முன்னாலேயே கேட்கத் தொடங்கினார். கேட்கத் தொடங்கிய நாள் முதல் அவர் கள்ளனா இல்லையா என்று உலகம் விசாரிக்கத் தொடங்கியது.

அவருடைய இங்கிலீஷ் வாகனத்தில் படித்த இங்கிலீஷ். சுனாமிக்குப் பிறகு நிவாரணம் கொண்டுவந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வெள்ளை ஜீப்பை நாலு வருடம் ஓட்டினார். மருதமுனைக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் ஓடின ஓட்டத்தில் பாஷை தானாக ஒட்டிக்கொண்டது. நிவாரணக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு வாடகை வான் ஓட்டினார். இடுப்பில் நாரி பிடித்துக்கொண்ட பிறகு அதையும் விட்டார். மிச்சமிருந்ததைப் போட்டுக் கடற்கரை வீதி வீட்டுக்கு மேலே இரண்டு அறைகளும் ஒரு சின்ன விறாந்தையும் எழுப்பி, சீசனுக்கு வருகிற வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஊரில் அவருக்கு ‘வெள்ளக்காரன் மீரா’ என்று பெயர் விழுந்தது. ஆள் என்னவோ அடுப்புக்கரி நிறம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையைப் பெற்றவன் வீடு கட்டுவது குடியிருக்க இல்லை, குடியெழும்ப. மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னுக்குப் போக வேண்டும். மூத்தவள் சுல்பிகாவுக்கு முதல் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மீராமுகைதீனும் சுஹறாவும் இந்த வளவுக்கு வந்தார்கள். இது இளையவள் நிப்லாவுக்கு என்று அத்திவாரத்துக்கு வாணம் வெட்டிய அன்றைக்கே தெரிந்த விசயம். அவளுக்கு இருபத்தேழு வயது. அதுவரைக்கும் வீட்டுக்கு ஏதாவது வருமானம் இருக்கட்டுமே என்றுதான் மேல்மாடியை ஆட்களுக்குக் கொடுத்தார்கள். கட்டில் துப்பட்டி துவைப்பது, தண்ணீர் சுடவைப்பது, வெள்ளைக்காரர் வயிற்றுக்கு ஒத்துவருகிற மாதிரிக் கொச்சிக்காயைக் குறைத்து ஆணம் காய்ச்சுவது எல்லாம் சுஹறா. போனில் தட்டுவது மட்டும் மீராமுகைதீன்.

வந்தவர்களில் மனதோடு ஒட்டியவர்கள் ஹென்ட்ரிக்கும் மார்லேனும்தான். ஒல்லாந்து தேசத்து வயதாளிகள், இருவருக்கும் எழுபதுக்கு மேல். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம், அவர்கள் வந்த பஸ் நிந்தவூரில் ரயர் வெடித்து நின்றது. ஒரு இரவுக்கென்று ஏறி வந்தவர்கள் ஒன்பது நாள் இருந்தார்கள். ஹென்ட்ரிக் விடிய எழும்பிக் கரைவலைக்காரரோடு போய் நின்று கயிற்றைப் பிடித்து இழுத்து, கை கொப்புளித்து வருவார். மார்லேன் சுஹறாவின் குசினியில் பலகையைப் போட்டுக் குந்திக்கொண்டு பிட்டு அவிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் பொம்பிளைகள் இரண்டு பேரும் மணித்தியாலக்கணக்கில் கதைத்தார்கள்.

இந்த வருடம் தை மாதம் ஹென்ட்ரிக் எழுதினார். ஆடி பிறக்கிற நேரம், ஜூலை பன்னிரண்டாம் திகதி தொடக்கம் இருபத்தொரு நாளைக்கு மேல்மாடி வேண்டும். வழமைபோல மீராமுகைதீன் பாதிக் காசு கேட்டார். அதற்கு வந்த பதில்தான் அவரைப் பிடித்து உலுக்கியது. போன வருடம் அவர்கள் ஸ்பெயினில் ஒரு வீட்டுக்கு முற்பணம் அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியும் கையுமாகப் போய் இறங்கினால், அந்த வீதியில் அந்த இலக்கத்தில் வீடே இல்லை. படத்தில் இருந்தது வேறு எங்கேயோ இருந்த வீடு. வெயிலில் மூன்று மணித்தியாலம் நடைபாதையில் நின்றார்களாம். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. ‘இனி யாருக்கும் முன்காசு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். உனக்கு மட்டும் அனுப்புகிறோம், மீரா. உன்னையும் நம்ப முடியாவிட்டால் எங்கள் பயணமெல்லாம் முடிந்தது’ என்று எழுதியிருந்தார்.

மீராமுகைதீன் அதைச் சுஹறாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

“பாவங்கள்” என்றாள் சுஹறா. “பெட்டியோட றோட்டுல நிண்டிருக்காங்க. இது நம்பித் தந்த அமானிதம்ங்க. கவனமா வச்சிருங்க.”

அவர் கவனமாகத்தான் வைத்தார். காசைக் கல்முனைக்குப் போய் எடுத்துவந்து, அவர்களுக்காகவே மேல்மாடியில் செலவழித்தார். மார்லேனுக்கு முழங்கால் நோவு, குந்தி எழும்ப ஏலாது என்று பழைய கக்கூஸை உடைத்து, கதிரை மாதிரி உட்காருகிறதைப் பூட்டி, சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும் அடித்து, தரைக்கு வழுக்காத மாபிள் பதித்தார். காசும் கணக்காக முடிந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டி வரும் என்று அப்போது யார் கண்டது?

பங்குனியில் சாய்ந்தமருதிலிருந்து நிப்லாவைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை பஸால், அரசாங்க வேலை, மரியாதையான பிள்ளை. கூட வந்தது தாய் ஆசியா உம்மா. அவ ஒரு வீட்டைப் பார்க்கிறது சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. பல்லைத் திறந்து பார்க்காதது ஒன்றுதான் குறை. கிணற்றை எட்டிப் பார்த்தா, குசினிக்குள் புகுந்து வந்தா, படி ஏறி மேல்மாடிக்கும் போனா. புதுக் கக்கூஸைப் பார்த்து, “மாஷா அல்லாஹ், வடிவாத்தான் செஞ்சிருக்கீங்க” என்று கம்பியைப் பிடித்து ஆட்டியும் பார்த்தா. பிறகு இறங்கி வந்து கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டா.

“எல்லாம் நல்லாத்தான் கிடக்கு மீராகாக்கா. மேல ஆரு இருக்கிற?”

“இப்ப ஒருத்தருமில்ல. சீசனுக்கு வெள்ளக்காரர் வருவாங்க.”

“வருவாங்க எண்டு சொல்லாதீங்க காக்கா. வந்தாங்க எண்டு சொல்லுங்க” என்றா ஆசியா உம்மா. “என்ட மகன் லொஜ்ஜில மாப்பிளையா இருக்கேலா. அரக்காச்சட்டையோட அந்நிய ஆம்புளையள் ஏறி இறங்குற படிக்குக் கீழ புதுப்பொண்ணு எப்பிடி இருக்கிற? நிக்காஹ்வுக்கு முதல் வீட்டு உறுதிய மகள்ட பேருக்கு எழுதுங்க. அதோட இந்த வாடகை வேலையும் சரி.”

சொல்லியிருக்க வேண்டியது அந்த நிமிசத்தில்தான். ஆடி மாதத்துக்கு மட்டும் இரண்டு வயதாளிகள் காசு கட்டியிருக்கிறார்கள், அதுகள் போன பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒரு வசனம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் நிப்லாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்மந்தம் கைநழுவிப் போயிருந்தது. குசினி வாசலில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சுஹறாவின் கண்ணைப் பார்த்தார். “ஓம்” என்றார். நிக்காஹ், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்றாம் வெள்ளி. அதிலிருந்து பதினைந்து நாளில் ஹென்ட்ரிக்கும் மார்லேனும் வந்து இறங்குவார்கள். ஆத்தில ஒரு கால் சேத்தில ஒரு கால் என்பார்களே, அதுதான் நடந்தது.

மனுசன் தளர்ந்து போனது அதற்குப் பிறகுதான். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் ஒரு வழி கிடைக்காதா என்று தேடித் திரிந்தார். முதலில் திருக்கோவிலுக்குப் பஸ் ஏறினார். அங்கே அழகரெத்தினம் இருக்கிறான், ஜீப் ஓடின காலத்துக் கூட்டாளி. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் நல்ல கல்வீடு. மூன்று அறை.

“ஆடியிலயா கேக்கிறீங்க காக்கா?” என்று அழகரெத்தினம் தலையில் கைவைத்தான். “அமாவாசைத் தீர்த்தம் முடியும்வரைக்கும் என்ட வீட்டில எனக்கே இடமில்ல. பெண்சாதிட சொந்தம் முழுக்க வந்து படுக்கும். போன வருசம் நான் வண்டிக்குள்ளதான் கிடந்தன். வேற எந்த மாதமெண்டாலும் சும்மாவே தருவன்.”

“அவங்க ஆடியிலதானே வாறாங்க.”

“அப்ப காசத் திருப்பிக் குடுங்களன்.”

“காசு மேல்மாடிக் கக்கூஸில கிடக்கு.”

அழகரெத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கூட்டாளியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, சோறு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

அடுத்தது பொத்துவில். சீசனில் அங்கே அறை வாடகை மூன்று மடங்கு. யாரோ கொடுத்த இலக்கத்துக்குக் கதைத்தார். மறுபக்கத்தில் ஒரு சின்ன வயதுக் குரல். “அறை இருக்கி அங்கிள். முழுக் காசும் இண்டைக்கே போடணும். போட்டாத்தான் புடிச்சி வைப்பன்” என்றது. மீராமுகைதீன் தன்னையறியாமல் கேட்டுவிட்டார். “தம்பி, காசப் போட்டுட்டு நாங்க வந்து நிக்கக்குள்ள நீங்க இல்லாட்டி?” மறுபக்கம் போனை வைத்துவிட்டது. அவர் இத்தனை வருடமாகத் தன்னிடம் அதே கேள்வியைக் கேட்டவர்களையெல்லாம் நினைத்தார். அவர்களோடு எரிச்சல்பட்டதற்காக வெட்கமாக இருந்தது.

உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாம் என்றும் பார்த்தார். மகளுக்குக் கலியாணம், வீடு மகளுக்குப் போகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள், காசைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறேன். எழுதி, வாசித்து, அழித்தார். மறுகா எழுதி, மறுகா அழித்தார். ஏனென்றால் அது அச்சொட்டாக ஒரு கள்ளன் எழுதுகிற கடிதமாக இருந்தது. ஏமாற்றுகிறவனும் இதைத்தானே சொல்வான்: குடும்பத்தில் ஒரு விசயம், காசு பிறகு வரும். உண்மையைச் சொல்ல நினைக்கிற மனுசனுக்குப் பொய்யன் ஒரு சொல்லையும் மிச்சம் வைத்துவிட்டுப் போவதில்லை. வைகாசி முடிந்து ஆனியும் பிறந்தது. ஹென்ட்ரிக் எழுதுவதையெல்லாம் பார்த்துவிட்டு, மீராமுகைதீன் ஒரு பெருவிரல் படத்தை மட்டும் பதிலாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் நல்லதுக்கில்ல” என்று சுஹறா பின்வளவில் சாமான் அடுக்கியபடி சொல்வாள். தகரக் கூரை போட்ட இரண்டறை ஒன்று பின்னால் எழும்பியிருந்தது, கலியாணத்துக்குப் பிறகு இவர்கள் இருப்பதற்கு. பகலில் உள்ளே போனால் தலை வெந்துவிடும். “நானும் மூணாந் தரம் குடி போறன். சட்டி பானைக்கும் கால் நோகும்.”

உறுதி எழுதியது ஒரு திங்கட்கிழமை, கல்முனையில், நொத்தாரிசுடைய கந்தோரில். மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு சாச்சா வந்து உட்கார்ந்திருந்தார். நொத்தாரிசு மூக்கால் வாசித்தார்: வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே கடற்கரை வீதி, இதற்குள் அடங்கிய கல்வீடும் மேல்மாடியும் கிணறும் தென்னை நாலும் இவற்றின் சகல பாத்தியதைகளும். முப்பது வருட உழைப்பு மூன்று நிமிசத்தில் வாசித்து முடிந்தது. மீராமுகைதீன் கையெழுத்து வைத்தார். அதற்கு அவர் ஆயத்தமாகவே இருந்தார். பிறகு நொத்தாரிசு, “வாங்குறவ ஏத்துக்கொண்டதாக வைக்கணும்” என்று பேனையை நிப்லாவிடம் நீட்டினார். அவள் தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தி நிதானமாக வைத்தாள். கல்முனையிலிருந்து ஓட்டோவில் திரும்பினார்கள். காரைதீவு தாண்டும்போது, “பசிக்குதா மகள்?” என்று கேட்டார். “இல்ல வாப்பா” என்றாள்.

வீட்டுக்கு வந்து லுஹர் தொழுதுவிட்டுப் போனைத் திறந்தார். ஹென்ட்ரிக்குடைய இலக்கத்திலிருந்து செய்தி வந்திருந்தது. ஆனால் எழுதியது ஹென்ட்ரிக் இல்லை, அவருடைய மகள். அவள் எழுத்தில் சிரிப்பே இல்லை. அம்மா அப்பாவுடைய பயண ஏற்பாடுகளை இனி நான்தான் பார்க்கிறேன். அவர்கள் ஒருமுறை ஏமாந்துவிட்டார்கள். இரண்டு மாதமாக நீங்கள் ஒழுங்காகப் பதில் எழுதவில்லை, பெருவிரல் மட்டும் அனுப்புகிறீர்கள். அந்த வீடு உங்களுடையதுதான் என்று காட்டுகிற ஆவணம் ஒன்றின் படம் வெள்ளிக்கிழமைக்கு முதல் வேண்டும். இல்லாவிட்டால் பயணத்தை நிறுத்திவிட்டு உங்களைப் பற்றி முறையிட வேண்டிய இடத்தில் முறையிடுவேன். அம்மா உங்கள் மனைவிக்கென்று பின்னிய சால்வையைப் பெட்டியில் வைத்திருக்கிறா. அவவிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மீராமுகைதீன் வாசித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பென்று சொல்ல முடியாது, காற்றுப் போன சத்தம். நேற்றைக்குக் கேட்டிருந்தால் காட்டியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்த வீடு அவருடையதுதான்.

“பழைய உறுதிட பிரதி அலுமாரி லாச்சிக்குள்ள கிடக்கே” என்றாள் சுஹறா. “அதப் படம் புடிச்சி அனுப்புங்களன். ஒல்லாந்தில இருக்கிறவளுக்கு என்ன தெரியப்போகுது?”

“அவளுக்குத் தெரியாது புள்ள. எனக்குத் தெரியுமே.” அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். “அடுத்தவன்ட வீட்டக் காட்டிக் காசு வாங்குறவனத்தானே அவங்க கள்ளன் எண்டு சொல்ற. அத அனுப்பினா நானும் ஸ்பெயின்காரனும் ஒண்டு. எனக்குக் களைச்சிப் போச்சு சுஹறா. போதும்.”

அவர் அழவில்லை. ஆனால் குரல் அப்படி உடைந்ததை நிப்லா அறைக்குள் இருந்து கேட்டுவிட்டாள். வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல் போனை வாங்கி, தை மாதத்துச் செய்தியிலிருந்து கடைசிவரைக்கும் வாசித்தாள். வாசித்து முடிய அரை மணித்தியாலம் பிடித்தது.

“ஏன் வாப்பா எனக்குச் சொல்லல்ல?”

“உன்ட கலியாணம் குழம்பிடுமெண்டு.”

“அந்தக் கக்கூஸ் இவங்கட காசா?”

“ஓம்.”

அவள் பிறகு தன் போனை எடுத்து ஆசியா உம்மாவுக்கு அழைத்தாள். சுஹறா வாயில் கையை வைத்துக்கொண்டாள். மீராமுகைதீன் எழும்பப் பார்த்தார், நாரி விடவில்லை.

“மாமி, அஸ்ஸலாமு அலைக்கும். உறுதி முடிஞ்சிது. ஓம், என்ட பேர்லதான். ஒரு விசயம் கேக்கணும் மாமி. மேல்மாடிக்கு ரெண்டு வயசாளிகள் தை மாசமே காசு தந்து வச்சிருக்காங்க. நீங்க அண்டைக்குக் கம்பியப் புடிச்சிப் பாத்து நல்லாருக்கு எண்டு சொன்னீங்களே, அந்தக் கக்கூஸ் அந்தக் காசு. வீடு இப்ப எனக்கு வந்திட்டு, அதோட சேந்த கடனும் எனக்குத்தானே மாமி. கடனோட நிக்காஹ்வுக்கு இருக்க எனக்கு மனமில்ல. ஒண்டில் கலியாணச் சாரிக்கு வச்ச காச எடுத்துத் திருப்பி அனுப்பணும். இல்லாட்டி அவங்க வந்து இருபத்தொரு நாள் இருந்திட்டுப் போகணும். நீங்க சொல்லுங்க.”

மறுபக்கத்தில் ஆசியா உம்மாவின் குரல் கேட்டது.

“எத்தின வயசு?”

“எழுபத்திநாலு மாமி.”

“அந்த மனுசன் அரக்காச்சட்டையா போடுற?”

“வந்தவுடன வாப்பாட சாரனொண்டு குடுப்பம் மாமி.”

ஆசியா உம்மா சிரித்தது குசினிவரைக்கும் கேட்டது. “சரி மகள். கடனோட நிக்காஹ் வேணாம். இந்த ஒரு தரம் மட்டும். பஸால் ஒண்டும் சொல்ல மாட்டான், நான் கதைக்கிறன்.”

மூன்று மாதமாக ஒரு மனுசனைத் தின்றுகொண்டிருந்த விசயம் அப்படி நாலு நிமிசத்தில் முடிந்தது. மீராமுகைதீனுக்குச் சந்தோசத்தோடு ஒரு கூச்சமும் வந்தது. தான் அந்த வசனத்தைப் பங்குனியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தார். சொல்லியிருந்தால் ஆசியா உம்மா கேட்டிருப்பாவா என்றும் நினைத்தார். கேட்டிருக்க மாட்டா. அன்றைக்கு வீடு அவருடையது. பெண்ணைப் பெற்றவனுடைய வீட்டுக்கு நிபந்தனை போடலாம். இன்றைக்கு வீடு மருமகளுடையது.

நிப்லா நொத்தாரிசு தந்த பிரதியை மேசையில் விரித்துப் படம் பிடித்தாள். தன் பெயர் வருகிற இடத்தில் கோடு போட்டுப் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினாள். பிறகு தகப்பனுடைய போனிலேயே, இரண்டு கையாலும் மளமளவென்று தட்டினாள். அவளுடைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், அதில் காலமெல்லாம் சரியாக இருந்தது. அனுப்புவதற்கு முதல் தகப்பனிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வீடு என்னுடையது. ஆவணம் இணைத்திருக்கிறேன். முற்பணம் கிடைத்தது, மேல்மாடி உங்கள் பெற்றோருக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. இதுவரை உங்களோடு தொடர்பில் இருந்த திரு. மீராமுகைதீன் இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், நம்பிக்கையானவர்.

அவர் அந்தக் கடைசி வரியில் நின்றார். மறுபடியும் வாசித்தார்.

“வேற என்னண்டு எழுதுற வாப்பா?” என்றாள் நிப்லா மெதுவாக. “வாப்பாட வீடெண்டு எழுதினா உறுதி பொய்யாப் போகும். என்ட வாப்பா எண்டு எழுதினா, அவள் குடும்பமாச் சேந்து ஏமாத்துறாங்க எண்டு நினைப்பாள். அவளுக்கு எங்கட வழமை விளங்காது.”

“இல்ல மகள், சரியாத்தான் எழுதியிருக்காய். அனுப்பு” என்றார்.

அவள் அனுப்பினாள். அவருடைய பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். தோளில் கை வைக்கப் போனவள், ஏனோ வைக்காமல் மேசையில் கிடந்த பிரதியை மடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

பதில் அடுத்த நாள் பின்னேரம் அஸருக்குப் பிறகு வந்தது. சுஹறா அப்போது மேல்மாடித் துப்பட்டிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, நனைந்த சேலையோடு பின்விறாந்தைப் படியில் குந்தியிருந்தாள். மீராமுகைதீன் போனை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

“என்ன எழுதியிருக்காள்?”

“நன்றியாம். வேலை செய்ற இடத்தில ஆரோ தமிழாளுக்குக் காட்டி வாசிச்சாங்களாம், எல்லாம் சரியாம். பன்னிரண்டாம் திகதி பின்னேரம் வந்து இறங்குவாங்க.” அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். “உங்கட காவல்காரரிட்டச் சொல்லுங்க, அறையத் துப்புரவா வைக்கட்டும், அம்மாவுக்குத் தூக்க ஏலா, பெட்டிய அவர் தூக்கி மேல வைக்கட்டும் எண்டு எழுதியிருக்காள்.”

“ஆரு காவல்காரன்?”

“நான்தான் புள்ள.”

சுஹறா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கொடியில் ஆடிக்கொண்டிருந்த துப்பட்டிகளைப் பார்த்துக்கொண்டு, சவர்க்காரத்தில் வெளிறிப்போன விரல்களை முந்தானையில் துடைத்தாள்.

“அப்ப நான் ஆரு?” என்று கேட்டாள்.

மீராமுகைதீன் அந்தச் செய்தியை மேலிருந்து கீழ்வரைக்கும் இன்னொரு முறை வாசித்துப் பார்த்தார். அதில் அவளைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.